முழங்கால் சில்லு விலகினால்… வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கூடைப்பந்து ஆடும்போது சட்டென்று திரும்பியவள் அலறிக்கொண்டு விழுந்தாள். முழங்கால் சில்லு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. காலை நீட்டியதும் தானாக உள்ளே போய்விட்டது. யாரும் இடிக்கவில்லை. பிறகு எப்படி விலகியது?

பதில்: பெரும்பாலும் அடிபட்டு இது விலகுவதில்லை, இப்படித் திரும்பும்போதுதான் விலகுகிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. சில்லு அதில் மேலும் கீழும் வழுக்கி ஓடும். ஆனால் கால் நீட்டியிருக்கும்போது சில்லு பள்ளத்துக்கு மேலே நிற்கிறது. முழங்காலை 20, 30 டிகிரி மடக்கிய பிறகுதான் உள்ளே நன்றாக உட்காரும். அதுவரை அதை வெளியே போகாமல் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு உட்பக்கத்து ஜவ்வு ஒன்றுக்குத்தான். பாதம் தரையில் ஊன்றியிருக்க, லேசாக மடங்கிய முழங்கால் உள்ளே சாய்ந்து உடம்பு திரும்பினால், இறுகும் தொடைத் தசை சில்லை வெளிப்பக்கம் இழுக்கிறது, ஜவ்வு கிழிகிறது.

உங்கள் மகளின் வயதில்தான் இது அதிகம் வருகிறது. பிறவியிலேயே பள்ளம் ஆழமில்லாமல் இருப்பது, சில்லு சற்று மேலே அமைந்திருப்பது, நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுவது, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது, எல்லாமே காரணங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது விலகியிருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: சில்லு தானாகத் திரும்பாவிட்டால் நாமே தள்ளிவிடலாமா?

பதில்: வேண்டாம். சாய்ந்து உட்காரவைத்து, கால் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே தலையணையால் தாங்கி, துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே இடுப்பை மடக்கி உட்காரவைத்துத் தொடைத் தசையைத் தளரச் செய்வார்கள். பிறகு காலை மெல்ல நீட்டியபடியே சில்லின் வெளிவிளிம்பை உட்பக்கம் அழுத்துவார்கள். தசை இறுகியிருக்கும்போது முரட்டுத்தனமாகத் தள்ளினால் குருத்தெலும்பு சிதறலாம். முழங்கால் மூட்டே கோணலாகி, பாதம் சில்லிட்டோ மரத்தோ போனால் அது சில்லு விலகல் அல்ல. மூட்டே விலகி, பின்னாலுள்ள ரத்தக் குழாயும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். எம்.ஆர்.ஐ. அவசியமா?

பதில்: சில மணி நேரத்துக்குள் முழங்கால் உப்பியிருந்தால் அவசியம் என்பேன். அந்த வீக்கம் பெரும்பாலும் ரத்தம். சில்லு வெளியே போகும்போதோ திரும்பும்போதோ எலும்பின் விளிம்பில் உரசி, குருத்தெலும்புத் துண்டு பெயர்ந்துவிடலாம். அது எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. ஊசியால் எடுத்த ரத்தத்தில் கொழுப்புத் துளிகள் மிதந்தால் உள்ளே முறிவு இருக்கிறது என்றே பொருள். பெரிய துண்டு என்றால் சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்து பழைய இடத்தில் பொருத்த வேண்டும். தாமதித்தால் துண்டின் விளிம்பு மழுங்கிப் பொருந்தாமல் போகும்.

கேள்வி: ஆறு வாரம் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. நீண்ட நாள் அசையாமல் வைப்பதே கெடுதல். தொடைத் தசை மளமளவென்று சூம்பிவிடும். பொதுவாக இரண்டு, மூன்று வாரம் பிரேஸ் (முழங்காலைத் தாங்கும் கட்டு) போட்டு, வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றுகோலோடு நடக்கச் சொல்கிறோம்.

பயிற்சியை மருத்துவர் அனுமதித்ததும் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை 5 விநாடி இறுக்குங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. அடுத்து, மறுகாலை மடக்கிப் படுத்து, நீட்டிய காலை ஓர் அடி உயரம் தூக்குங்கள். தூக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் தசை இன்னும் தயாராகவில்லை. முதல் பயிற்சியையே தொடருங்கள். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவதை விட்டுவிடாதீர்கள். இடுப்புத் தசை பலவீனமானால் முழங்கால் உள்ளே சாயும், சில்லு மறுபடி விலக அதுவே வழி. பிறகு கண்ணாடி முன் நின்று பாதியளவு உட்கார்ந்து எழும்போது, முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

பலர் ஆறாவது வாரத்தில் வலி போனதும் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். வலியை நம்பாதீர்கள், அளவு நாடாவை நம்புங்கள். சில்லுக்கு மேலே 10 செ.மீ. தூரத்தில் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் எடுங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் விளையாட்டு வேண்டாம். சுற்றளவு சரியானாலும் வீக்கம் வடிந்து, முழங்கால் முழுதாக மடங்கி, ஒற்றைக் காலில் தயங்காமல் குதிக்க முடிய வேண்டும். இதற்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்.

கேள்வி: எனக்கு இரண்டாவது முறையும் விலகிவிட்டது. அறுவை சிகிச்சைதான் வழியா?

பதில்: முதல் முறை விலகியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் விலகுகிறது, இரண்டாவதுக்குப் பிறகு பாதிப் பேருக்கு. எனவே யோசிக்க வேண்டிய கட்டம்தான். தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்துக் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்துவதே வழக்கமான முறை. சில்லின் தசைநாண் பிடித்திருக்கும் கீழ்க்கால் எலும்பின் மேடு, தொடை எலும்புப் பள்ளத்தின் நடுவிலிருந்து 20 மி.மீட்டருக்கு மேல் வெளியே தள்ளியிருந்தால் அந்த எலும்பையும் நகர்த்த வேண்டிவரலாம்; வளரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்வதில்லை. புதிய ஜவ்வைத் தவறான இடத்தில் பொருத்தினாலோ அதிகம் இறுக்கினாலோ முழங்கால் மடங்காமல் வலிக்கும். இதில் தேர்ந்தவரையே நாடுங்கள்.

கேள்வி: நடுவில் துளையுள்ள முழங்கால் உறை போட்டால் விலகாதா?

பதில்: பிடிமானம் போலத் தோன்றும், வலியும் சற்றுக் குறையும். விலகலைத் தடுக்கும் என்று நம்பிப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.