கொள்ளுப் பருப்பு சாப்பிட்டால் ரத்தம் திரியுமா?

கேள்வி: ஊர் ஈரோடு, வயது 41. இத்தனை நாளும் என் ரத்தம் 'ஏ பாசிட்டிவ்' என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ரத்த தானம் செய்தபோது 'ஏ2 பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கொள்ளிலிருந்து எடுத்த சாற்றில் சோதித்தார்களாம். ஏ1 ரத்தம் என்றால் அதில் திரிந்துவிடுமாம். என் மனைவி ஏ1. எங்கள் வீட்டிலோ வாரம் இரண்டு நாள் கொள்ளுப் பருப்பு. அவள் சாப்பிடலாமா டாக்டர்?

பதில்: தாராளமாகச் சாப்பிடட்டும். உங்கள் ரிப்போர்ட்டிலும் தப்பில்லை, உடம்பிலும் குறையில்லை.

ரத்தச் சிவப்பணுவின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்காது. சர்க்கரைச் சங்கிலிகள் பூனைமுடி மாதிரி அதில் நீட்டிக்கொண்டிருக்கும். (ரத்தத்தில் சுகர் பார்க்கிறோமே, அது வேறு, இது வேறு.) சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரை இருந்தால் ஏ குரூப், கேலக்டோஸ் இருந்தால் பி. இரண்டும் இல்லாவிட்டால் ஓ. உங்கள் மனைவியின் ஒவ்வொரு சிவப்பணுவிலும் 'ஏ' நுனிகள் சுமார் 10 லட்சம் இருக்கும். உங்களுடையதில் ஏறக்குறைய அதில் கால்வாசிதான். வழக்கமான சோதனைக்கு இரண்டுமே 'ஏ'தான் என்பதால், முன்பு அப்படி எழுதியதும் சரியே.

கொள்ளில் லெக்டின் என்ற வகைப் புரதம் ஒன்று இருக்கிறது. அந்த 'ஏ' நுனி கச்சிதமாகப் போய் உட்கார அதில் ஒரு குழி உண்டு. ஒரு பிடி மட்டும் என்றால் சுலபமாக விட்டுப்போகும். வேட்டியில் ஒட்டுப்புல் ஒன்று ஒட்டினால் தட்டிவிடலாம், நூறு ஒட்டினால்? அப்படித்தான் இதுவும். ஒரு லெக்டினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிடிகள் இருப்பதால் இந்த அணுவையும் பக்கத்து அணுவையும் சேர்த்துக் கட்டிவிடும். கண்ணாடித் தகட்டில் ஏ1 ரத்தத்தோடு ஒரு சொட்டு கலந்து ஆட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மணல் மணலாகப் பிரியும். ஏ2 ரத்தம் கலங்காமல் அப்படியே இருக்கும். ஏ2-வோடு அது ஒட்டவே ஒட்டாது என்றில்லை. ஏ1 மட்டும் திரியும் அளவுக்குச் சாற்றை நீர்க்க வைத்திருப்பார்கள். 1951-லேயே ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்ற ரத்த ஆராய்ச்சியாளர் கொள்ளின் இந்தக் குணத்தை எழுதிவிட்டார். நம் வீட்டுத் தானியம் ரத்த வங்கியின் அலமாரியில் இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, வயிற்றுக்குள் போனால்? குக்கரில் நன்றாக வேகும்போதே லெக்டின் உருக்குலைந்து, அந்தக் குழியும் போய்விடும். நான் பயப்படச் சொல்வது ராஜ்மாவுக்குத்தான். அதிலுள்ள லெக்டின் குடல் சுவரின் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தி, பேதி வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு நன்றாக வேகவையுங்கள். இளஞ்சூட்டில் மெதுவாக வேகவைப்பது ஆகாது.

உங்களுக்கு ஒரு விஷயம். ஏ2 ஆட்களில் சிலருக்கு மட்டும் ஏ1 அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். பெரும்பாலும் அது தொந்தரவு செய்யாது. ஆனாலும் என்றாவது உங்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், 'நான் ஏ2' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கிராஸ் மேட்ச் (கொடுப்பவர் ரத்தம் உங்கள் ரத்தத்தோடு சேருமா என்ற சோதனை) பார்த்து, தேவைப்பட்டால் ஏ2 அல்லது ஓ ரத்தம் தருவார்கள். அந்த ரிப்போர்ட்டை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனைவியின் போனிலும் ஒன்று இருக்கட்டும்.

அப்புறம், நீங்கள் கொடுக்கும் ரத்தம் ஏ1 ஆட்களுக்கும் சேரும். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி போய்க் கொடுங்கள்.