திரௌபதியின் கேள்வி

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் அரசியல் தத்துவம் படிக்கிறாள். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோகிளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகம் அவளுக்குப் பாடம். “நம் கூத்தில் பக்திதானே இருக்கிறது, அரசியல் எங்கே?” என்று கேட்கிறாள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிரச்சார நாடகம் வந்த பிறகுதான் நம் மேடையில் அரசியல் நுழைந்ததா?

ச., நெல்லிக்குப்பம்

அன்புள்ள ச.,

இல்லை, வெகு முன்பே நுழைந்துவிட்டது.

ஆன்டிகனியின் எதிரி கிரேயோன் வெறும் கொடுங்கோலன் அல்ல. போர் முடிந்த கையோடு ஆட்சிக்கு வந்தவன், நகரத்தின் மீது படையெடுத்து மாண்ட அவள் சகோதரனை அடக்கம் செய்யக் கூடாது என்று ஆணையிட்டவன். சொந்த நகரத்தின் மீதே படையெடுத்தவனுக்கும் அதைக் காத்து மடிந்தவனுக்கும் ஒரே மரியாதையா என்று அவன் கேட்பதை எந்த அரசும் கேட்கும். அதனால்தான், சகோதரனை அடக்கம் செய்தே தீருவேன் என்று அவள் நிற்பதற்கு அத்தனை கனம். ஒரே ஆளுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்று கிரேயோனிடம் சொல்பவனும் அவன் மகன் ஹைமோன்தான்.

இனி நம் துகிலுரிதல். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்கிறாள் திரௌபதி. அடிமைக்கு உடைமை உண்டா, மனைவி உடைமையா, சபை வாய்மூடி இருந்தால் அநீதி சட்டமாகிவிடுமா? எல்லாம் அதற்குள் இருக்கிறது. பாரதத்தில் பீஷ்மர், தர்மம் நுட்பமானது என்று நழுவுகிறார். (படித்தவர்கள் இன்றும் அப்படித்தான் நழுவுகிறார்கள்.) கண்ணன் சேலை தருகிறான், சபை பதில் தருவதில்லை. உங்கள் மகள் சேலையை மட்டும் பார்த்திருக்கிறாள். புதுச்சேரியில் இருந்த பாரதி கேள்வியைப் பார்த்தார். 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் வந்தது.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரனையும் சொல்ல வேண்டும். அரசன் வருகையை அறிவிக்கிறவனே அரசனைக் கேலி செய்கிறான்!

பிரச்சார நாடகத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. புதுச்சேரிக்காரரான பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீர’னில் அசுரனை நாயகனாக்கியது பெரிய துணிச்சல், 1948இல் அரசு அதைத் தடையே செய்தது. ஆனால் அங்கே எதிர்த்தரப்புக்குச் சூழ்ச்சிதான் உண்டு, வாதம் கிடையாது. கிரேயோனுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் என் சாய்வு கூத்தின் பக்கம்.

அடுத்த திருவிழாவில் மகளையும் கூட்டிப் போங்கள். திரௌபதி வேடக்காரர் சபையைப் பார்த்துப் பேசும் இடத்தில் தூங்கிவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். அந்த வசனம் ஜமாவுக்கு ஜமா, அதாவது கூத்துக் குழுவுக்குக் குழு, மாறும்.