மூக்கைக் கழுவும்போது இரத்தம் கசிந்தால்

கோவையிலிருந்து 47 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஒவ்வாமையால் வரும் தும்மலுக்கும் அடைப்புக்கும் ஓராண்டாகத் தினமும் காலையில் பிளாஸ்டிக் பாட்டிலை அழுத்தி உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறார்; அதன்பின் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை அடித்துக்கொள்கிறார். இரண்டு வாரங்களாக வெளியே வரும் நீரில் மெல்லிய இரத்தக் கோடு தெரிகிறது. சென்ற ஞாயிறன்று வலப்பக்க மூக்கில் மட்டும் சில்லுமூக்கு உடைந்ததுபோல் பத்து நிமிடம் இரத்தம் ஒழுகியிருக்கிறது. கழுவுவதை அடியோடு விட்டுவிட வேண்டுமா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் கணவரும் இதே பாட்டிலைப் பயன்படுத்தலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அடியோடு விட வேண்டியதில்லை. சில நாள் நிறுத்தி, முறையை மாற்றிக்கொண்டு மீண்டும் தொடங்கலாம். சரியான அளவில் கலந்த உப்புநீர் மூக்கின் உட்சவ்வைப் புண்ணாக்குவதில்லை. இப்படி வருபவர்களின் மூக்கில் விளக்கைக் காட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் நான் காண்பது ஒன்றுதான்: இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், பருப்பளவு சிவந்த இடமும் அதன்மேல் காய்ந்த பொருக்கும். பல நுண்ணிய இரத்தக் குழாய்கள் வந்து பின்னிக்கொள்ளும் இடம் அது. சவ்வு அங்கே மிக மெல்லியது. அதன் அடியில் குருத்தெலும்புதான் இருக்கிறது. மூக்கிலிருந்து வரும் இரத்தக் கசிவுகளில் சுமார் பத்தில் ஒன்பது இந்த முன்பகுதியில்தான் தொடங்குகின்றன.

நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்தால், இரத்தம் வலப்பக்கம் மட்டும் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வலக்கையால் பாட்டிலையோ ஸ்ப்ரேயையோ வலத் துளையில் வைக்கும்போது அதன் முனை இயல்பாகவே உள்நோக்கிச் சாய்ந்து நடுச்சுவரில் முட்டுகிறது; நீரின் வேகமும் மருந்தின் தூவலும் நாள்தோறும் அதே இடத்தில் படுகின்றன. ஸ்டீராய்டு ஸ்ப்ரே பயன்படுத்துபவர்களுக்கு இரத்தக் கசிவு அடிக்கடி காணப்படும் பக்கவிளைவுதான்; முனை தவறான திசையில் இருந்தால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே வலத் துளைக்கு இடக்கையையும் இடத் துளைக்கு வலக்கையையும் பயன்படுத்தி, முனை அந்தந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி இருக்குமாறு பிடியுங்கள். முனை துளையின் வாயில் பொருந்தினால் போதும், உள்ளே திணிக்க வேண்டாம். நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் கருவியாலும் மூக்கைக் கழுவக் கூடாது, ஏனெனில் அடைக்கத் தொடங்கிய உறைகட்டியை நீர் பெயர்த்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம், இடையில் விட்டுப் பார்க்காமல், வாயால் மூச்சு விடுங்கள். நம் வீடுகளில் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி உச்சியில் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படிச் சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வருமே தவிரக் கசிவு நிற்காது.

உங்களுக்கு வந்ததைப் போன்ற கசிவுக்குப் பின் ஒரு வாரம் பாட்டிலை ஒதுக்கி வையுங்கள். முதல் நாள் மூக்கைச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மறுநாளிலிருந்து மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தை நாளுக்கு மூன்று நான்கு முறை விட்டுக்கொண்டால் பொருக்கு மெத்தென்று இருக்கும். பொருக்கு காய்ந்து பிளந்தால்தான் மறுபடி இரத்தம் வருகிறது. அந்தப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில நாள் நிறுத்தலாமா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். மீண்டும் தொடங்கும்போது உடல் சூட்டுக்கு நெருங்கிய வெதுவெதுப்பான நீரை, பாட்டிலை மெதுவாக அழுத்திச் செலுத்துங்கள். ஒரு பக்கம் முற்றிலும் அடைத்திருக்கும் நாளில் கழுவவே வேண்டாம். போக வழியில்லாத நீர் அழுத்தத்தைக் கூட்டிக் காதை அடைக்கும். கழுவிய பின் குனிந்து நீரை வடியவிடுங்கள், ஒரு துளையை மூடிக்கொண்டு பலமாகச் சிந்தாதீர்கள். ஸ்ப்ரேயைப் பத்து நிமிடம் கழித்து அடித்துக்கொள்ளலாம்.

உப்பின் அளவில் பலர் தவறுகிறார்கள். இரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஈடான கரைசல் 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். 240 மில்லி பாட்டிலுக்கு 2 கிராமுக்குச் சற்றுக் கூடுதல், தேக்கரண்டியில் அரையை எட்டாத அளவு. கூடப் போட்டால் நன்றாகச் சுத்தமாகும் என்று எண்ணிக் குவித்துப் போடுவது, புண்ணான சவ்வை எரியவைத்து உலர்த்தும். அயோடின் சேர்க்காத தூய உப்பு நல்லது. கடையில் விற்கும் பொட்டலத் தூள் அளவுத் தவறைத் தவிர்க்கும்.

எந்தத் தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது உயிரோடு தொடர்புடையது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் இருவர் குழாய் நீரைக் காய்ச்சாமல் நேத்திக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவி, நெக்லேரியா என்ற அமீபா மூளைக்குச் சென்று இறந்தார்கள். நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பதிவான அமீபா மூளைக்காய்ச்சல்களில் பலவும் மூக்கின் வழியே நீர் புகுவதோடு தொடர்புடையவைதான். நெக்லேரியா உள்ள நீரைக் குடித்தால் இந்த மூளைக்காய்ச்சல் வராது. மூக்கில் ஏறினால் வரும். வீட்டு ஆர்.ஓ. நீரும் கேன் தண்ணீரும் குடிக்கத் தகுந்தவையே தவிர, கிருமி நீக்கப்பட்டவை அல்ல. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் (ஊட்டி, கொடைக்கானல் போன்ற 2000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் மூன்று நிமிடம்) கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் கணவர். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போல இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்களுக்குச் சின்னக் கீறல்கூட நெடுநேரம் கசியும். அவர் கழுவத் தொடங்குமுன் ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி நடுச்சுவரைப் பார்த்துக்கொள்வது முறை. தேவைப்பட்டால் மென்மையான சலைன் ஸ்ப்ரேயோடு நிறுத்திக்கொள்ளலாம். மூக்கில் இரத்தம் வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவே கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதைவிடப் பெரிது. பாட்டில் அவருக்குத் தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் காய்ச்சி ஆறிய நீரால் அலசிக் கவிழ்த்து முழுதும் உலரவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்குங்கள்.

விடாமல் அழுத்திப் பிடித்தும் 20 நிமிடத்தில் நிற்காத இரத்தம், தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் இரத்தம், தலையில் அடிபட்ட பின் வரும் இரத்தம் ஆகியவற்றுக்கு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, மூச்சு விடும்போது மூக்கில் விசில் சத்தம் கேட்டாலோ நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் சத்தம் நடுச்சுவரில் துளை விழுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உங்களுக்கு இரண்டு வாரமாகக் கசிவு தெரிவதால், வார இறுதி வரை காத்திராமல் இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் அப்போதே அளந்துவிடலாம்.