சென்னை வெயிலில் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டித் தண்ணீரைக் குறைந்த செலவில் குளிர வைப்பது எப்படி?

மண்ணே இல்லாமல், உரம் கலந்த தண்ணீரில் வேரை விட்டுச் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். அந்தத் தண்ணீர் இருக்கும் தொட்டி 20 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மே மாத மொட்டை மாடியில் அது 35 டிகிரியைத் தொடும்.

சூடு ஏன் ஆகாது? வேரும் மூச்சு விடும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடான சோடா சீக்கிரம் கேஸ் போய்ச் சப்பென்று ஆகிவிடுகிறதே, அதே கதைதான். கூடவே வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி, தொட்டால் கொழகொழவென்று உரிந்து வரும்.

முதல் வேலை, வெயிலைத் தடுப்பது. தொட்டியை நிழலுக்கு மாற்றி, சுற்றிலும் தெர்மாகோல் ஒட்டி, வெளியே வெள்ளை பெயின்ட் அடியுங்கள். சூடேறிய தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். தொட்டி பெரிதாக இருந்தால் மெதுவாகத்தான் சூடேறும்.

அப்புறம், ஃப்ரீசரில் உறைய வைத்த பாட்டில். ஒரு லிட்டர் பாட்டில் முழுக்க உருகினால், 20 லிட்டர் தண்ணீரில் கணக்குப்படி சுமார் 4 டிகிரி குறையும். மதியத்துக்கு முன்பே போடுங்கள். ஐஸை நேராகக் கொட்டினால் உரம் நீர்த்துவிடும். ஈரச் சாக்கு சுற்றுவது கோவையில் எடுபடலாம்; நம் கடலோரப் புழுக்கத்தில் பெரிதாகப் பலன் இல்லை.

ஏர் பம்ப் ஓடினால் தண்ணீர் குளிர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆக்ஸிஜனுக்கு மட்டும்தான், மதிய அனல் காற்றை உள்ளே தள்ளினால் தண்ணீர் இன்னும் சூடாகவும் கூடும்.