மூன்று மாதம் பிரிக்காத மேசை: பெரிய வார்கேம்கள் பற்றிக் கேள்வி பதில்

1970, 80-களில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த பெரிய மேசை வார்கேம்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்டுவிட்டீர்கள். நான் 1979-இல் மேற்படிப்புக்கு அங்கே போனவன். விடுதி நண்பர்கள் வழியாகப் பிடித்த பைத்தியம், இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தாயக்கட்டை: சார், இது ரிஸ்க் போர்டு கேம் மாதிரியா? ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்லுங்களேன்.

ரிஸ்க்கை மறந்துவிடுங்கள். ஒரு காகித மேப். நிஜமான நிலப்பரப்பு, ஆறு, காடு, ரயில் பாதை எல்லாம் இருக்கும். அதன்மேல் அறுகோணக் கட்டங்கள். அதைத்தான் ஹெக்ஸ் என்போம். படைகள் எல்லாம் அரை அங்குல அட்டைச் சில்லுகள். சில்லில் ஒரு பெட்டி, அதற்குள் பெருக்கல் குறி இருந்தால் காலாட்படை, நீள்வட்டம் இருந்தால் டாங்கிப் படை. கீழே எண்கள்: எவ்வளவு பலமாகத் தாக்கும், எவ்வளவு தாங்கும், எத்தனை ஹெக்ஸ் நகரும். எதிரியின் சில்லுக்குப் பக்கத்தில் போனால் அதன் கட்டுப்பாட்டு வளையத்தில் மாட்டிக்கொள்வீர்கள், பெரும்பாலும் அதோடு நிற்க வேண்டியதுதான்.

சண்டை என்பது வகுத்தல் கணக்கு. உங்கள் பலம் 8, எதிரியின் பலம் 3 என்றால் இரண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ரூல் புக் கருணை காட்டாது. பின்னத்தை வெட்டிவிட்டு 2:1 என்றுதான் எடுத்துக்கொள்ளும். இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் 9-க்கு 3, அதாவது 3:1. பகடை எண்ணுக்கு என்ன முடிவு என்று சொல்லும் அட்டவணையில் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம், ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த ஒரு புள்ளிக்காக மேப் முழுக்கத் தேடுவோம். எங்கோ ஆற்றங்கரையில் சும்மா நிற்கும் ஒரு குதிரைப்படை வர முடியுமா? பாலம் யார் கையில் இருக்கிறது? அதை இழுத்தால் அங்கே ஓட்டை விழுமா? அரை மணி நேரம் போய்விடும். பிறகு பகடை 6 விழும், எல்லாம் பாழ்.

இந்த அமைப்பை வணிகமாக்கியவர் சார்ல்ஸ் ராபர்ட்ஸ். 1954-இல் டாக்டிக்ஸ் என்ற விளையாட்டைச் சொந்தமாக வெளியிட்டார். 1958-இல் பால்டிமோரில் அவலான் ஹில் நிறுவனம் பிறந்தது. முதலில் சதுரக் கட்டங்கள்தான். 1961 வாக்கில்தான் ஹெக்ஸ் வந்தது. அதற்கும் முன்னால் பிரஷ்ய ராணுவம் 1824-இலேயே அதிகாரிகளின் பயிற்சிக்காக மேப்பும் பகடையும் வைத்துப் போர் ஆடியிருக்கிறது. அதன் முன்னோடிகளில் சில சதுரங்கத்தை நீட்டிப் பெரிதாக்கிய ஆட்டங்கள், ஆகவே நமக்கும் தூரத்து உறவு உண்டு.

கோவைக்காரன்: “மான்ஸ்டர்” என்கிறார்களே, எவ்வளவு பெரிசு?

சாதாரண ஆட்டம் ஒரு மேப், நூறு இருநூறு சில்லு, ஒரு மாலைப் பொழுது. மான்ஸ்டர் என்றால் பல மேப்புகளை ஒட்டவைக்க வேண்டும், சில்லுகள் ஆயிரத்தைத் தாண்டும். 1973-இல் ஜி.டி.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட டிராங் நாக் ஓஸ்டனை முதல் மான்ஸ்டர் என்பார்கள்; ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்த கதை, டிவிஷன் டிவிஷனாக, அதாவது ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட பெரும் படைப்பிரிவுகளாக. அதைப் பார்த்துவிட்டு நியூயார்க்கின் எஸ்.பி.ஐ. (SPI) என்ற வார்கேம் நிறுவனம் சும்மா இருக்குமா? 1974-இல் வார் இன் தி ஈஸ்ட். 1976-இல் அதையே மேற்கு முனையோடு இணைத்து வார் இன் யூரோப்: 9 மேப், 3,000-க்கு மேல் சில்லு. சாப்பாட்டு மேசை போதாது. நாங்கள் ஒரு நண்பன் வீட்டு பேஸ்மென்ட்டில் பிங்பாங் மேசையைப் பிடித்துக்கொண்டோம், அதுவும் பற்றாமல் பழைய கதவு ஒன்றைப் பக்கத்தில் வைத்து நீட்டினோம். அவன் அம்மா மூன்று மாதம் பொறுத்துக்கொண்டார்.

ரவா உப்புமா: இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கத் தண்ணீர் தர வேண்டும் என்று ஒரு ரூல் இருப்பதாகப் படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. 1979-இல் எஸ்.பி.ஐ. வெளியிட்ட தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆஃப்ரிக்கா, வடிவமைத்தவர் ரிச்சர்ட் பெர்க். பாலைவனத்தில் இத்தாலியப் பட்டாலியன்களுக்குக் கூடுதல் தண்ணீர் ஒதுக்காவிட்டால் அவை தளர்ந்துபோகும். பெர்க் அதைக் கிண்டலாகத்தான் சேர்த்தார். ஆனால் மற்ற ரூல்கள் எல்லாம் அதே அளவு நுணுக்கமாக இருந்ததால், எது கிண்டல் எது நிஜம் என்று வாங்கியவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை!

பெட்டி சொல்வது இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர். தலைமைத் தளபதி, முன்னணித் தளபதி, பின்னணிக்கு ஒருவர், விமானப்படைக்கு ஒருவர், சப்ளைக்கு ஒருவர். ஒவ்வொரு விமானமும் தனியாகப் பதிவாகும். எரிபொருள் ஆவியாகிக் குறையும், பிரிட்டிஷ் பக்கம் இன்னும் வேகமாக. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு: பிரிட்டிஷார் மெல்லிய தகர டின்களில் பெட்ரோலைக் கொண்டுபோனார்கள், வழியெல்லாம் ஒழுகியது. ஜெர்மானியரின் உறுதியான கேன்களைக் கைப்பற்றிப் பார்த்துவிட்டுத்தான் அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். ஜெர்ரிகேன் என்று இன்றுவரை நாம் சொல்வது அதைத்தான்.

முழுசாக ஆட 1,500 மணி நேரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஞாயிறுதோறும் 4 மணி நேரம் உட்கார்ந்தால் 7 வருஷம் தாண்டும். வெளியிடும் முன் யாரும் முழுதாக ஆடிச் சோதிக்கவில்லை என்பதை பெர்க் பிறகு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். என் கருத்து: அது நல்ல விளையாட்டு இல்லை. படிக்க அருமையான புத்தகம்.

இரவுப்பறவை: நீங்கள் எதையாவது ஆடி முடித்திருக்கிறீர்களா அண்ணா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நடுத்தர அளவில் நிறைய. மான்ஸ்டர் என்றால், கடைசி டர்ன் (ஆட்டச் சுற்று) வரை போனது அபூர்வம். 1941-இன் கோடையை நாங்கள் பலமுறை ஆடியிருக்கிறோம். 1945-ஐப் பார்த்ததே இல்லை. பரீட்சை வரும், யாராவது வேலை கிடைத்து ஊர் மாறுவான், இல்லையென்றால் பூனை உக்ரைனில் படுத்து உருளும். பிறகு மறுபடி ஜூன் 22, ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்த நாள்.

அதனால் ஏமாற்றம் என்று நினைக்காதீர்கள். கிரிக்கெட்டில் டெஸ்ட் மேட்சை அஞ்சு நாளும் முடிவுக்காகவா பார்க்கிறோம்?

பழையசோறு: அப்படி என்னதான் இருந்தது அதில்? இப்போது எதை நினைத்து ஏங்குகிறீர்கள்?

இந்தக் கேள்விதான் பலபேர் பல விதமாகக் கேட்டது.

விளையாட்டுக்காக ஏங்கவில்லை. அவற்றில் பல இன்றைக்குப் பார்த்தால் அலுப்பூட்டும். ரூல் புக்குகள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி 7.42, 7.43 என்று எண் போட்டே எழுதப்பட்டவை. நான் ஏங்குவது பிரிக்காமல் விட்ட மேசைக்காக. சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு நிறுத்திவிட்டுப் போவோம். வாரம் முழுக்க அது அப்படியே இருக்கும். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு மாஸ்கோ போகும் வழியிலுள்ள ஸ்மோலென்ஸ்குக்குத் தெற்கே இருக்கும் ஓட்டையைப் பற்றி யோசிப்பேன். எதிரணிக்காரன் காபி வரிசையில் எதிர்ப்பட்டு, “உன் ரயில் பாதை என்ன ஆச்சு?” என்று கேட்டு வயிற்றைக் கலக்குவான். ஆட்டம் வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் அது தலைக்குள் ஓடும்.

அப்புறம், நேரம். நாலு பேரிடம் ஒரே சமயத்தில் சனிக்கிழமை முழுக்கச் சும்மா இருந்தது. கையில் காசு கிடையாது, கார் கிடையாது, குடும்பம் கிடையாது. இன்று அதே நாலு பேருக்கும் பெரிய மேசை வாங்க வசதி இருக்கிறது. ஒரே நாளில் கூடத்தான் முடிவதில்லை.

இன்னொன்று, சப்ளை. எத்தனை டாங்கி இருந்தாலும் ரயில் தண்டவாளத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் வராவிட்டால் படை நின்றுவிடும், ஏனென்றால் சோவியத் தண்டவாளம் ஐரோப்பியத் தண்டவாளத்தைவிட அகலம். இதை வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடலாம். மாஸ்கோவுக்கு முன்னால் உங்கள் படை எண்ணெய் இல்லாமல் நிற்கும்போதுதான் அந்த வரியின் கனம் தெரியும். எனக்குப் புவியியல் வந்தது அந்த மேப்பில்தான்.

எண்கணிதம்: பிறகு ஏன் அழிந்தது? கம்ப்யூட்டர் வந்ததாலா?

கம்ப்யூட்டர் கடைசியில் வந்து கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். விரிசல் அதற்கு முன்பே. எஸ்.பி.ஐ. நிறைய வெளியிட்டது, கையில் பணம் நிற்கவில்லை. 1982-இல் டி.எஸ்.ஆர். அதை எடுத்துக்கொண்டது. யார் இந்த டி.எஸ்.ஆர்.? 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டை வெளியிட்டவர்கள். அதை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வார்கேம் ஆடிக்கொண்டிருந்தவர்களே. பிள்ளை வளர்ந்து வீட்டையே வாங்கிக்கொண்டான். எஸ்.பி.ஐ.யின் ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டியிருந்தவர்களைப் புதிய உரிமையாளர்கள் ஏற்க மறுத்தது பெரிய கசப்பாகிவிட்டது. அவலான் ஹில் 1998 வரை தாக்குப்பிடித்து ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்திடம் போனது.

அழியவில்லை என்றும் சொல்ல வேண்டும். 1977-இல் வந்த ஸ்குவாட் லீடரின் வாரிசான அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடருக்கு இன்றும் புதுத் தொகுதிகள் வருகின்றன.

வடமராட்சி: அண்ணா, சண்டைக்குள்ள வளர்ந்தவள் நான். ஷெல் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு பதறும். போரை மேசையில வைச்சு விளையாடுறது எப்பிடி முடியுது உங்களால? கோபத்தில கேக்கேல்ல, விளங்கிக்கொள்ளத்தான்.

நன்றி தங்கச்சி. சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை.

அந்த மேப்புகளில் ஊர்கள் உண்டு, ஊர்க்காரர்கள் கிடையாது. கிழக்கு முனையில் கோடிக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் அதற்கு ஒரு சில்லுகூட இல்லை. நாஜிகளின் எஸ்.எஸ். படைகளுக்கு மட்டும் தனிக் கறுப்பு நிறம் கொடுத்து, பார்க்கக் கம்பீரமாக அச்சடித்தார்கள். இருபது வயதில் எனக்கு அது உறைக்கவில்லை என்பதல்ல, யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை; என் தலைக்கு மேல் எதுவும் விழுந்ததில்லை. அந்தத் தூரம் இருப்பவர்களால்தான் இதை விளையாட்டாகப் பார்க்க முடிகிறது.

எங்கள் குழுவில் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவர் இருந்தார். நெப்போலியன் ஆடுவார், அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆடுவார். 1945-க்குப் பிந்தைய எதையும் தொடமாட்டார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நீங்கள் ஆட வேண்டியதில்லை, யாரும் உங்களுக்கு இதன் பெருமையைச் சொல்லிப் புரியவைக்கவும் வேண்டியதில்லை.

மெட்ராஸ் சாப்பர் பேரன்: நம்ம ஆட்கள் அந்தச் சில்லுகளில் உண்டா சார்?

உண்டு. வட ஆப்பிரிக்கா பற்றிய எந்தப் பெரிய ஆட்டத்தைப் பிரித்தாலும் 4-ஆம் இந்திய டிவிஷன் இருக்கும். 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பர்ரானியில் இத்தாலியரை முறியடித்ததில் அதற்குப் பெரிய பங்கு. அந்த டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கம்பெனியும், அதாவது சிறு பிரிவும், இருந்தது. கம்பெனி அளவுக்குச் சில்லு போடமாட்டார்கள் என்பதால் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. டிவிஷனின் எண்ணுக்குள் உங்கள் தாத்தா இருக்கிறார்.

பூவரசி: பெண்கள் ஆடினார்களா?

மிகக் குறைவு. எஸ்.பி.ஐ.யில் 1970-களின் நடுவிலேயே லிண்டா மோஸ்கா ஒரு அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆட்டத்தை வடிவமைத்திருக்கிறார். எங்கள் பேஸ்மென்ட்டில் நண்பனின் அக்கா ஒருவர், வந்தபோதெல்லாம் எங்களைத் துவைத்தெடுத்தார். அடிக்கடி வரமாட்டார், நாங்கள் அதிகம் அழைக்கவும் இல்லை.

அண்ணாநகர்: சென்னையில் ஒரு ஆட்டம் வாங்கி வைத்திருக்கிறேன். மேப் சுருண்டு சுருண்டு எழும்புகிறது. ஃபேன் போட்டால் அடுக்கியது கலைகிறது. என்ன செய்ய?

அமெரிக்கர்கள் அறியாத எதிரி, சீலிங் ஃபேன்! மேப் அளவுக்கு அக்ரிலிக் ஷீட் வெட்டி வாங்கி மேலே போடுங்கள், சுருளாது. சில்லுகளை ஆறு ஏழாக அடுக்காதீர்கள். மூலைகளை நெயில் கட்டரால் வெட்டினால் ஒன்றோடொன்று மாட்டாது; இதில் சிலர் மதம் பிடித்த அளவுக்குப் போவார்கள், உங்களுக்குத் தேவையில்லை. ஒரு ட்வீசர் அவசியம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

ஒற்றையாள்: ஆட ஆளில்லை. தனியாக ஆடினால் பைத்தியம் என்பார்களா?

அந்தக் காலத்திலேயே வாங்கியவர்களில் பெரும் பங்கினர் தனியாகத்தான் ஆடினார்கள். இரண்டு பக்கமும் நீங்களே, மாறி மாறி. எப்போதும் ஒரு பக்கத்துக்கு மனம் சாயும், ரசிக்கவும் அதுதான்.

கோவைக்காரன்: மறுபடி நான்தான். எதில் தொடங்கலாம்? பட்ஜெட் இல்லை.

பேட்டில் ஃபார் மாஸ்கோ. ஃபிராங்க் சாட்விக் 1986-இல் புதியவர்களுக்காகவே செய்தது. 39 சில்லு, 7 டர்ன், ரூல் சில பக்கம். ஒரு மணி நேரம் போதும். எதிராளி வேறு ஊரில் இருந்தால் வாசல் (VASSAL) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேப்பும் சில்லும் திரையில் வரும், ரூலை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மான்ஸ்டர் பக்கம் இப்போதே போகாதீர்கள்.

பரண்வாசி: அமெரிக்காவில் இருந்த மாமா விட்டுப்போன எஸ்.பி.ஐ. பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. விற்றால் காசு வருமா?

சில்லுகள் அட்டையிலிருந்து பிரிக்கப்படாமல் இருந்தால் நல்ல விலை போகும். பிரித்திருந்தால் உட்கார்ந்து எண்ணுங்கள். பட்டியல் பெரும்பாலும் ரூல் புக்கிலேயே இருக்கும். ஒன்றிரண்டு குறைந்தாலும் விலை இறங்கும். பகடை தொலைந்திருந்தால் பரவாயில்லை. மேப்பை மட்டும் டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். எந்த ஆட்டம் என்று பெயரைச் சொல்லவில்லையே? விற்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.