கோடு போட்ட ஓட்டும் பூட்டுன திடலும்

கேள்வி: ஆசிரியர் அண்ணே, எனக்கு 32 வயசு, செந்தூல் பக்கம் பிபிஆர் (அரசாங்க மலிவு வீடு) ஃப்ளாட்டுல 14வது மாடி. ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு தீபாவளிக்கு முன்னாடி நின்னது, இன்னும் நிக்குது. கீழ இருக்குற திடலுக்கு வேலி போட்டு பூட்டு தொங்குது. அக்கா பொண்ணு ஸ்கூல்ல 100 மீட்டர் ஓடுறா, பிராக்டிஸ் பண்றது காடி (கார்) நிறுத்துற இடத்துல. கேட்டா பட்ஜெட் இல்லைங்குறாங்க, ஆனா 2027 சீ விளையாட்டுக்கு (தென்கிழக்கு ஆசிய நாடுகள் போட்டி) மட்டும் காசு எங்கேருந்தோ வருது. 2018ல அப்ப ஆண்டுக்கிட்டிருந்த பாரிசான் கூட்டணியை எறக்கணும்னு எதிர்க்கூட்டணி பக்காத்தானுக்கு ஓட்டுப் போட்டேன், இப்ப ரெண்டு பேரும் ஒரே கேபினட்ல. அடுத்த தடவை ஓட்டுச் சீட்டுல குறுக்க ஒரு கோடு போட்டு உண்டி ரோசாக் (செல்லாத ஓட்டு) பண்ணப்போறேன். தப்பா? (பெயர் வேண்டாம், கோலாலம்பூர்)

பதில்: தப்புன்னு சொல்ல நான் யாரு தம்பி. ஆனா வேஸ்ட். பத்திரிகை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தேர்தல்ல கட்சி ஏஜெண்டா ஓட்டு எண்ணுற மேசை பக்கத்துல உக்காந்துருக்கேன், அப்ப ஒரு சீட்டு வந்துச்சு, கட்டம் கட்டமா இருக்குற அந்தச் சின்னப் பேப்பர்ல ஒருத்தர் பொடி எழுத்துல மலாய்ல அஞ்சு வரி திட்டி எழுதியிருந்தாரு, கிராணி (ஓட்டு எண்ணுற குமாஸ்தா) அதைத் தூக்கி எல்லா ஏஜெண்டுக்கும் காட்டுனாரு, எதிரெதிர் கட்சிக்காரங்க நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சோம், சீட்டு தனிக் கட்டுக்குப் போயிருச்சு. அவர் எத்தனை நாள் யோசிச்சு எழுதுனாரோ பாவம். யாரைத் திட்டுனாரோ அந்த ஆளுக்கு அது போய்ச் சேரவே இல்ல. அதுலயும் நீங்க கோலாலம்பூர்காரர், சட்டமன்றமே கிடையாது, அஞ்சு வருஷத்துக்கு ஒரே ஒரு சீட்டு. பினாங்குக்காரருக்காவது நாடாளுமன்றம், சட்டமன்றம்னு ரெண்டு உண்டு, ஒண்ணைக் கிறுக்கினாலும் இன்னொண்ணு மிஞ்சும்.

கட்சிக்காரன் எதுக்குப் பயப்படுவான்னு கேளுங்க. 2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராஃப் இயக்கம் நடத்துன பேரணி, தண்ணி பீச்சி கண்ணீர்ப்புகை அடிச்சு விரட்டுனாங்க, நம்ம வீடுகள்ல யாராவது ஒருத்தராவது அன்னைக்கு அங்க இருந்துருப்பாங்க. ஏழு வாரம் கழிச்சு, 2008 ஜனவரியில, அதுவரைக்கும் கேட்டும் கிடைக்காத தைப்பூச லீவு கோலாலம்பூருக்கு வந்துருச்சு. முருகன் யார் கனவுலயும் வரல, தேர்தல்தான் வந்துச்சு. அப்படியும் மார்ச் 8ல நம்ம ஆளுங்க ஓட்டு திரும்பி, பாரிசானுக்கு மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டி போச்சு, சுங்கை சிப்புட்ல பாரிசானோட இந்தியர் கட்சி மஇகா தலைவர் சாமிவேலுவே தோத்தாரு. அது வரைக்கும் நம்ம ஓட்டு கல்லாப்பெட்டியில கிடக்குற காசு மாதிரி, எண்ணிக்கூட பாக்க மாட்டாங்க. இப்ப நீங்க கோடு போட்டாலும் அதே கதிதான், இந்த ஆள் ஓட்டு எந்தப் பக்கமும் விழாதுன்னு தெரிஞ்சா எதுக்கு 14 மாடி ஏறி வரணும், அதுவும் லிஃப்ட் இல்லாம? எங்க விழும்னு தெரியாத ஓட்டுக்குத்தான் படி ஏறுவாங்க.

ஒரே கேபினட்ல உக்காந்துருக்காங்கன்னு கோவப்படுறீங்க, நியாயம்தான், ஆனா 2022ல நாடாளுமன்றத்துல 222 இடத்துல மெஜாரிட்டிக்கு வேண்டிய 112 யாருக்கும் வரல, பக்காத்தான் 82, பாரிசான் 30, மூணாவது கூட்டணி பெரிக்காத்தான் ஒரு பக்கம். யாராவது யார் கூடயாவது சேர்ந்துதான் ஆகணும். எனக்கு எரிச்சல் சேர்ந்ததுல இல்ல, சேரும்போது நம்ம பேருல ஒரு வரியாவது எழுதி வாங்க ஆள் இல்லாமப் போச்சேன்னுதான்.

இப்ப விளையாட்டு. இங்க உங்களோட கொஞ்சம் மல்லுக்கு நிக்கணும். 1998ல நான் இதே ஊர்ல வாடகை வீட்டுல இருந்தேன். வெள்ளி (ரிங்கிட்) விழுந்து டாலருக்கு 3.80ன்னு கட்டி வச்ச வருஷம், கிள்ளான் பள்ளத்தாக்கு பூரா பல மாசம் தண்ணி ரேஷன், லோரி ஹார்ன் கேட்டா வாளியோட ஓடணும், என் பக்கத்து வீட்டுப் பாட்டி குளிக்கிற பேசினையே தூக்கிட்டு வரும். அந்த வருஷ செப்டம்பர்லதான் காமன்வெல்த் விளையாட்டு, ஆசியாவுலயே முதல் தடவை. 2ஆம் தேதி துணைப் பிரதமர் பதவியிலேருந்து அன்வாரைத் தூக்குனாங்க, 20ஆம் தேதி கைது, மறுநாள் நிறைவு விழாவுல ராணி எலிசபெத் உக்காந்துருக்காங்க. நாட்டுல நடந்தது ஒண்ணு, டிவியில ஓடுனது ஒண்ணு. திட்டிட்டேதான் இருந்தோம், ஆனா 50 கிலோமீட்டர் நடையில கோவிந்தசாமி சரவணன் நாலு மணி நேரத்துக்கு மேல நடந்து தங்கம் வாங்கினப்ப கோப்பிக்கடையில டம்ளரை மேசையில தட்டுன கூட்டத்துல நானும் இருந்தேன், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது.

ஆனா அந்த விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில் யாரு மண்ணு? அது தோட்டம் தம்பி. நம்ம ஆளுங்க ரப்பர் பால் வெட்டுன தோட்டம். 80,000 பேருக்கு மேல உக்கார ஸ்டேடியம் எழும்புன ஊர்ல, 2011ல கடைசியா மிஞ்சுன 41 குடும்பம், லயத்தை (தோட்டத் தொழிலாளி வீட்டு வரிசை) காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தப்ப, வீடு கட்ட நாலு ஏக்கர் குடுங்கன்னு நின்னாங்க. வெறும் நாலு. அந்த ஸ்டேடியத்தோட காடி நிறுத்துற இடமே அதை விட பெருசா இருக்கும்போல. திரங்கானுவுல சுக்மாவுக்குன்னு (மாநிலங்களுக்கு இடையில நடக்குற போட்டி) கட்டுன ஸ்டேடியம் 2008ல திறந்து 2009 ஜூன்ல கூரை விழுந்துச்சு, நல்ல வேளை ஆட்டம் இல்லாத நேரம். இதையெல்லாம் பாத்தா உங்க கோவம் புரியுது.

இதுக்கு நடுவுல ஒரு விஷயம் யாரும் பெருசா பேசல. 2026 காமன்வெல்த் விளையாட்டை ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் செலவு தாங்காதுன்னு கையை விரிச்சப்ப, 10 கோடி பவுண்டு தர்றோம் நீங்க நடத்துங்கன்னு நம்மளைக் கேட்டாங்க, 2024 மார்ச்ல கேபினட் வேண்டாம்னுருச்சு. கடைசியில கிளாஸ்கோ எடுத்து 10 விளையாட்டோட சுருக்கிக்கிச்சு. அதே உங்க ‘ஒரே கேபினட்’தான். வேண்டாம்னு சொல்லத் தெரியாம இல்ல, சொல்ல வைக்கணும்.

உங்க திடல் கதைக்கு வர்றேன். அதுக்கு சீ விளையாட்டு காரணம் இல்ல. திடல், சாக்கடை, உங்களை மாதிரி ஃப்ளாட்டு லிஃப்ட் முக்காவாசி மாநகர மன்றத்து வேலை, அதை நடத்துற டத்தோ பண்டாரை (மேயர்) நீங்களும் நானும் தேர்ந்தெடுக்கல, நியமனம். ஊராட்சித் தேர்தலை 1965ல நிறுத்தி வைக்கிறோம்னாங்க, எல்லாக் கட்சியும் மாறி மாறி ஆண்டாச்சு, 60 வருஷமா நிறுத்தியேதான் இருக்கு. அதுக்கு முன்னாடி 1957ல ஜார்ஜ்டவுன் மாநகரத்துக்கு முதல் மேயரா வந்தது டி.எஸ். ராமநாதன், நம்ம ஆளு, இன்னைக்கு எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? உங்க சீட்டுல கோடு போடறதுக்குப் பதிலா ஓட்டு கேட்டு வர்றவன்கிட்ட இதைக் கேளுங்க, ஊராட்சித் தேர்தல் எப்ப, எந்த வருஷம். தலையைச் சொறிவான். சொறியட்டும். தேர்தல் எப்படியும் 2028 தொடக்கத்துக்குள்ள வந்தாகணும், சீ விளையாட்டு 2027 செப்டம்பர்ல, அந்த ரெண்டுக்கும் முன்னாடி எல்லாருக்கும் காது கொஞ்சம் நல்லாக் கேக்கும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அந்தத் திடல் பூட்டுச் சாவி யார் கையில இருக்குன்னு விசாரிங்க, மன்றத்துலயா, குத்தகைக்கு எடுத்தவன்கிட்டயா, இல்ல குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டு ஆணியில தொங்குதா. எம்பி சேவை மையத்துல எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க, ரசீதையும் பூட்டையும் ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. உங்க பேரு வேண்டாம்னீங்க, போடல. அக்கா பொண்ணு 100 மீட்டர் எத்தனை செகண்டுல ஓடுறான்னு மட்டும் மறக்காம எழுதுங்க.