ஆட்கள் ஏன் விதியை மீறுகிறார்கள்? கேள்வி பதில்

கோவை வட்டாரத் தொழிற்சாலைகளில் 26 வருடம் பணியாளர் நிர்வாகப் பிரிவில் இருந்தவன் நான். மெமோ கொடுத்திருக்கிறேன், உள் விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், 18 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சம்பளம் ஒரு நாள் தள்ளினதில்லை. ஆனால் ஆறு மாதமாகப் பித்தளைத் துண்டு, டூல் பிட் எல்லாம் காணாமல் போகிறது. கேமரா வைத்தும் நிற்கவில்லை.

பதில்: ஆறு மாதத்துக்கு முன்னால் பட்டறையில் என்ன மாறியது என்று முதலில் யோசியுங்கள். ஓவர்டைம் (ஓ.டி.) ரேட்டைக் குறைத்தீர்களா? போனஸில் கை வைத்தீர்களா? பழைய ஆள் இருக்கப் புதியவருக்கு அதிகம் கொடுத்தீர்களா?

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை எல்லா முதலாளிகளிடமும் சொல்வேன். ஆர்டர் போனதால் ஒரு கம்பெனி தன் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15% சம்பளத்தை வெட்டியது. ஓர் ஆலையில் கணக்கையெல்லாம் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டிலும் திருட்டு கூடியது. ஆனால் விளக்கம் சொல்லாத ஆலையில்தான் மிக அதிகமாகக் கூடியது. பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் இறங்கிவிட்டது.

நான் இருந்த ஓர் ஆலையில் நாலு மணி டீயோடு கொடுத்த போண்டாவை, நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி ஒட்டி நிறுத்தினார்கள். இரண்டே மாதத்தில் கையுறை, சோப்பு, காட்டன் வேஸ்ட் செலவு எகிறியது. பிடிபட்டவர் 14 வருட சர்வீஸ் உள்ளவர். "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எடுத்தது தப்புதான், நடவடிக்கையும் எடுத்தோம். ஆனால் போண்டா திரும்ப வந்த பிறகுதான் செலவு இறங்கியது.

கேள்வி: ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வேகமாகச் செய்தால் "ரேட்டைக் கெடுக்காதே" என்று சீனியர் அண்ணன்கள் முறைக்கிறார்கள்.

பதில்: தம்பி, இது உங்கள் ஷெட்டில் மட்டும் நடப்பதில்லை. 1931-32-ல் சிகாகோ அருகே ஹாத்தார்ன் ஆலையில் 14 பேரை ஒரே அறையில் வைத்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே அளவு வைத்திருந்தார்கள். மீறி அதிகம் செய்தவருக்குக் கேலி, கையில் ஒரு குத்து. இன்று அதிகம் செய்து காட்டினால் நாளைக்கு அதுவே டார்கெட் ஆகிவிடும் என்ற பயம் அது. உங்கள் அண்ணன்களும் அப்படி ஒருமுறை அடிபட்டிருப்பார்கள். சோம்பேறிகள் என்று முடிவு கட்டாமல், டீ குடிக்கும்போது பழைய கதையைக் கேளுங்கள். இதை மாற்ற வேண்டியது நிர்வாகம். ரேட்டை ஒரு வருடத்துக்குத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

கேள்வி: தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில், கை உள்ளே மாட்டாமல் இருக்க இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும்படி இரண்டு பட்டன் உண்டு. அதில் ஒன்றை ரப்பர் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். சூபர்வைசரும் கண்டுகொள்வதில்லை. நான் புதிய இன்ஜினியர், என்ன செய்வது?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மனசு பதறியது. விரல் போன பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வேனில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு நாள் அவசர ஆர்டர். யாரோ கட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. ஒரு மாதத்தில் அதுவே வேலைமுறை ஆகி, கட்டாமல் ஓட்டுகிறவர்தான் 'ஸ்லோ' என்று பெயர் வாங்குகிறார். அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலத்திலும் இதே பாதைதான். ராக்கெட் இணைப்பில் சூடான வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) அரிபடுவதை முந்தைய பயணங்களிலேயே பார்த்தார்கள். பத்திரமாகத் திரும்பி வந்ததால் பரவாயில்லை என்று பழகிவிட்டார்கள். 1986 ஜனவரி 28 அன்று அந்த வளையம் கைவிட்டது, விண்கலம் சிதறி உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

பட்டன் பெட்டியை மாற்றி, கட்டிவைத்தால் மெஷின் ஓடாதபடி கன்ட்ரோலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு நீங்களே ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, இரண்டு கையாலும் அழுத்தி ஓட்டினால் ஷிப்டுக்கு எத்தனை பீஸ் வருகிறது என்று எண்ணுங்கள். டார்கெட் அதைவிட அதிகமாக இருந்தால், ரப்பரைக் கட்டச் சொன்னது டார்கெட்தான். அதைக் குறைக்காமல் தொழிலாளிக்கு மட்டும் மெமோ கொடுப்பது அநியாயம். பார்த்தும் பேசாமல் இருந்த சூபர்வைசரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: ஃபைனான்ஸ் கம்பெனிக் கிளை மேலாளர் நான். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இன்சூரன்ஸ் சேர்த்துவிடும் பையன்களை வேலையை விட்டு எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுத் திட்டம் விற்க வேண்டும் என்று அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இலக்கு வைத்தது. ஊழியர்கள் ஆளுக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016-ல் விஷயம் வெளியே வந்தபோது, சில வருடங்களில் சுமார் 5,300 பேரை நீக்கியிருந்தது தெரிந்தது. அத்தனை பேரை எடுத்தும் ஏன் நிற்கவில்லை? இலக்கு அப்படியே இருந்தது. உங்கள் இலக்கை வைத்து நீங்களே ஒரு வாரம் விற்றுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் கெட்ட ஆள் என்று யாருமே இல்லையா?

பதில்: இருக்கிறார்கள். பெண்களிடம் தவறாக நடப்பவரிடம் போய் நான் காரணம் தேடமாட்டேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் ஃபோர்மேன் சட்டையைப் பிடித்துவிட்டார் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் இவர் அம்மாவைச் சொல்லித் திட்டினாராம். வேலை போய்விடுமா?

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்க முடியாது. சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், தாமதத்துக்கு அவர் காரணமில்லை என்றால் அதன் பிறகு 75% பிழைப்பூதியம் உண்டு. கேட்டு வாங்குங்கள். விளக்கக் கடிதத்தில் சட்டையைப் பிடித்ததை மறைக்க வேண்டாம். ஃபோர்மேன் சொன்ன வார்த்தை, நேரம், பக்கத்தில் நின்றவர்களின் பெயர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்கு ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.